எழுத்தறிவின் முதற்படி: குழந்தையோடு பேசுதல்

குழந்தைக்கு எடை கூடவில்லை என்று மருத்துவமனைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் சத்துமாவைப் பற்றியும் டானிக்கைப் பற்றியும் கேட்கின்றனர். அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. ஆயினும், நெடுநாள் ஊட்டக்குறைவால் வயதுக்கேற்ற உயரமின்றி வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பின்தங்கக்கூடும். அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்து, பள்ளியில் வாசிக்கத் திணறும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இது ஒரு வீட்டின் சிக்கல் மட்டுமன்று. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் பொருள் உணர இயலவில்லை என 2022ஆம் ஆண்டில் உலக வங்கி மதிப்பிட்டது. இதனைப் பள்ளியின் குறை என்று மட்டும் கருதிவிட இயலாது. வாசிப்புக்கான அடித்தளம் பள்ளிக்குச் செல்லும் முன்பே வீட்டில் இடப்படுகிறது. "எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே, நான் என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று தயங்கும் தாய்மார்களும் இதில் பெரும்பங்கு ஆற்ற முடியும்.

ஜமைக்கா காட்டிய வழி

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், 1986–87ஆம் ஆண்டுகளில், மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஏழ்மையான பகுதிகளில் வாழ்ந்த, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டனர். அப்போது அவர்களின் வயது 9 முதல் 24 மாதங்கள். அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் பால்மாவு வழங்கப்பட்டது. மற்றொரு குழுவின் வீடுகளுக்குச் சமூகநலப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை சென்று, ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் விளையாடினர். மூன்றாம் குழுவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் குழுவுக்கு இவ்விரண்டும் அளிக்கப்படவில்லை. இத்திட்டம் இரண்டு ஆண்டுகள் நடந்தது.

அப்பணியாளர்கள் ஆசிரியர்கள் அல்லர். அவர்கள் கொண்டுசென்ற விளையாட்டுப் பொருள்களும் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. வீட்டில் வீணாகும் பொருள்களைக் கொண்டே பல பொம்மைகள் செய்யப்பட்டன. எளிய படப்புத்தகங்களும் இருந்தன. குழந்தைக்குப் பாடம் நடத்துவது அவர்களின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது, எப்படிப் பாராட்டுவது எனத் தாய்க்குக் காட்டி, அவர் நாள்தோறும் அதைத் தொடருமாறு செய்ததே அத்திட்டத்தின் உயிர்நாடி.

பால்மாவும் விளையாட்டும் தொடக்கத்தில் பயன் தந்தன. ஆனால், பால்மாவால் மட்டும் கிடைத்த அறிவு வளர்ச்சிப் பயன் நீடிக்கவில்லை. விளையாட்டும் பேச்சும் கிடைத்த குழந்தைகளோ, 17, 18 வயதை அடைந்தபோதும் சொல்வளத்திலும் வாசிப்புத் தேர்விலும் அவை கிடைக்காதவர்களைவிட மேம்பட்டிருந்தனர். 22 வயதளவில் அவர்களின் வருவாய் 25 விழுக்காடு அதிகமாக இருந்ததாக 2014இல் வெளியான கட்டுரை தெரிவித்தது. உணவு தேவையில்லை என்பது இதன் பொருளன்று. உணவு உடலைக் காக்கிறது. அதனோடு பேச்சும் விளையாட்டும் சேர வேண்டும்.

பேச்சு எவ்வாறு வாசிப்பாகிறது?

"பூனை" என்னும் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அச்சொல் முன்பே செவிவழி அறிமுகமாகியிருந்தால், ஒலியும் பொருளும் உடனே இணைகின்றன. கேட்டறியாத சொல்லாயின், எழுத்துகளைச் சரியாக ஒலித்தாலும் பொருள் புரிவதில்லை. ஆகவே, தாய்மொழியில் எத்துணைச் சொற்களைக் குழந்தை கேட்டுப் பேசுகிறதோ, அத்துணை எளிதாகப் பின்னர் வாசிக்கும். ஆங்கிலம் பிறகு கற்பதற்கும் இவ்வடித்தளம் உதவும்.

வயதுக்கேற்பச் செய்யத்தக்கவை

பிறந்தது முதல் ஒரு வயது வரை: குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள். அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி கொடுத்து, மீண்டும் அது ஒலியெழுப்பும் வரை காத்திருங்கள். தாலாட்டுப் பாடுங்கள்.

ஒன்று முதல் மூன்று வயது வரை: சமைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் கண்ணில் படும் பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். குழந்தை "பால்" என்றால், "சூடான பால் வேண்டுமா?" என்று விரித்துச் சொல்லுங்கள். நாள்காட்டியிலும் பழைய இதழ்களிலும் உள்ள படங்களை வெட்டி ஒட்டினால் ஒரு படப்புத்தகம் ஆயிற்று.

மூன்று முதல் ஐந்து வயது வரை: கதை சொல்லி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பந்து, பல்லி, பழம் என ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைச் சொல்லி விளையாடுங்கள். தன் பெயரின் எழுத்துகளை அடையாளம் காணச் செய்யுங்கள். எழுதும்படி வற்புறுத்த வேண்டா. அங்கன்வாடிக்குத் தவறாமல் அனுப்புங்கள்.

படிக்கத் தெரியாதவர்களும் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம். தாத்தா, பாட்டி, மூத்த பிள்ளைகள் ஆகியோரும் இதில் பங்கேற்கலாம். கைப்பேசி இதற்கு ஈடாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் திரை முன் அமர்த்த வேண்டா என உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியுள்ளது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் பொருளுள்ள சொல் ஒன்றும் பேசாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை மறந்துபோதல், காதில் அடிக்கடி சீழ் வடிதல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் காலம் தாழ்த்தாதீர்கள். முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். இரத்தசோகை இருந்தால் அதற்கும் மருத்துவம் தேவை. "போகப் போகப் பேசிவிடும்" என்று காத்திருந்தால், எளிதில் உதவக்கூடிய காலம் கடந்துவிடும்.

உள்நோயாளியாகத் தங்கியிருக்கும் குழந்தைக்கும் பேச்சு வேண்டும். ஊசிக்கும் மருந்துக்கும் இடையே நீண்ட நேரம் கிடைக்கிறது. படுக்கையருகே அமர்ந்து கதை சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, எடை அட்டையோடு உங்கள் குழந்தை பேசும் புதிய சொற்களையும் நினைவில் வைத்து வந்து சொல்லுங்கள். அச்சொற்களும் வளர்ச்சியின் அளவுகோலே.