தெரிந்த சொல்லை அனுப்பு

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. போன ஞாயிறு ராஜாகோட்டை மலை அடிவாரத்தில் நீ கைதட்டினாய். ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று தட்டு திரும்பி வந்தது. “பாறை இப்படித் திருப்பி அனுப்புதே, செல்போன் பேச்சு மட்டும் எப்படித் தாத்தா குழம்பாம வருது?” என்று கேட்டாய். நல்ல கேள்வி. நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். பாறை 175 மீட்டர் தள்ளி இருந்தால், போய்வர ஒரு நொடி. ரேடியோ அலையும் பாறையில் பட்டுத் திரும்பும். ஆனால் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ நொடிக்குள் 300 மீட்டர் கடந்துவிடும். டவரிலிருந்து நேராக வரும் அலையைவிட, பக்கத்து மலையான ராணிகோட்டையின் பாறையில் பட்டு 600 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வரும் அலை 2 மைக்ரோ நொடி பிந்தும். மொட்டைமாடி ஆன்டெனா காலத்து டிவியில், செய்தி வாசிப்பவர் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு உருவம் தெரியும். அது இப்படிப் பிந்தி வந்த அலையின் வேலை.

போன் அனுப்புவது ஒரு தட்டல்ல, லட்சக்கணக்கான தட்டுகள். ஒன்றின் எதிரொலி அடுத்ததன் மேல் விழுந்து சிக்காகிவிடும். இதற்குக் கன்வல்யூஷன் என்று பெயர். நோட்டை எடுத்துக்கொள்.

அனுப்பியது 2, 4, 6. நேர் அலை முழு வலிமையில் வருகிறது: 1. அடுத்த கணத்தில் எதிரொலி பாதி வலிமையில்: 0.5. முதலில் 2 தனியே வரும். பிறகு 4-உடன் பழைய 2-இன் பாதி சேர்ந்து 5. பிறகு 6-உடன் 4-இன் பாதி சேர்ந்து 8. கடைசியில் 6-இன் பாதி, 3. வந்து சேர்ந்தது 2, 5, 8, 3. பல்லுறுப்புக்கோவைப் பெருக்கல் அல்லவா இது!

இப்போது பாதை, அதாவது அந்த 1-உம் 0.5-உம், தெரியாது என்று வை. 2-ஐ 2-ஆல் வகுத்தால் 1. 5-இல் 4 போக மிச்சம் 1. அதை 2-ஆல் வகுத்தால் 0.5. பாதை கிடைத்துவிட்டது. பெருக்கல் போட்ட சிக்கை நீள்வகுத்தல் எடுக்கிறது. இதுதான் டிகன்வல்யூஷன்.

ஆனால் அனுப்பியது என்னவென்று தெரிந்தால்தானே வகுக்க முடியும்? அதனால்தான் 2ஜி போனின் 148 பிட் துண்டு ஒவ்வொன்றிலும், நடுவில் 26 பிட்டுகள் இரு முனைக்கும் முன்பே தெரிந்தவை. அவற்றில் செய்தி எதுவும் இல்லை. பாதையை அளக்கவே அவை போகின்றன. பாதை தெரிந்துவிட்டால் மற்ற பிட்டுகளின் சிக்கையும் எடுத்துவிடலாம். துண்டுக்குத் துண்டு அனுப்புவானேன்? திருவண்ணாமலை பஸ்ஸில் போகும்போது மலை நமக்குப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கிறதே!

இன்னொரு தொல்லை, இரைச்சல். முதல் எண் 2-க்குப் பதில் 2.2 என்று கேட்டிருந்தால்? வகுத்துப் பார்: 1.1, 0.3, 0.1, 0.4 என்று வரும். கடைசி இரண்டும் இல்லாத மலையின் எதிரொலிகள். சின்னப் பிழை வகுக்க வகுக்கப் பெருகுகிறது. இதற்கு மருந்து மீச்சிறு வர்க்க முறை. வால்மீன்களின் பாதையைக் கணிக்கக் கணித அறிஞர் லெஜாண்டர் 1805-இல் வெளியிட்டது. ‘எதிரொலி ஒன்றுதான்’ என்று வைத்துக்கொண்டு, நான்கு எண்களிலும் பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எப்போது மிகக் குறையும் என்று பார்த்தேன். கிடைத்தது 1.01, 0.49. உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில்!

அலை இப்படிப் பட்டுச் சிதறுவதை வெறும் தொல்லை என்று நினைத்துவிடாதே. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், நம் கடற்படைக்கு சோனார் உருவாக்கியவர், 1992-இல் ஸ்டான்ஃபோர்டில் மைமோ என்ற வழியை முன்வைத்தார். பல ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் வெவ்வேறு செய்தி அனுப்பும். பாறையிலும் கட்டடத்திலும் பட்டுச் சிதறுவதால், ஒவ்வொன்றும் தனித்தனி அடையாளத்தோடு வந்து சேரும். பாதையை அளந்து வைத்திருந்தால் பிரித்துவிடலாம். உன் கையிலிருக்கும் 4ஜி போனில் இருப்பது இதுதான். அளக்காதவரை இடைஞ்சலாக இருந்த மலை, அளந்த பிறகு உதவிக்கு வருகிறது.

உனக்கு ஒரு கணக்கு. அனுப்பியது 4, 2. வந்தது 4, 2, 1, 0.5. எதிரொலி எத்தனை கணம் பிந்தியது, எவ்வளவு வலிமையில்? விடையோடு வா. அடுத்த ஞாயிறும் ராஜாகோட்டைக்கே போவோம்.

அன்புடன்,
தாத்தா