"ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்?"



எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் பாடத்தில் நாம் எல்லோரும் மண் வெட்டுவதில் ஆரம்பித்து வெள்ளையடிப்பது வரை அளவு எடுக்கிறோம். அப்ஸ்ட்ராக்ட் போட்டு, கடைசித் தொகைக்கு அடியில் இரண்டு கோடு போட்டு முடித்துவிடுகிறோம். மார்க்கும் வந்துவிடுகிறது. ஆனால் அந்த எஸ்டிமேட்டைப் போட்டவனுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை. வெளியில் போனால் அதுதான் முதல் கேள்வி!

என் தாய்மாமா திருச்சியில் மொட்டை மாடிகளுக்கு ஷீட் கூரை போட்டுக் கொடுக்கும் காண்டிராக்டர். கடந்த இரண்டு கோடை விடுமுறையிலும் அவரோடு டேப் பிடிக்கப் போனேன். கூரை போடுவதைக் கற்றுக்கொண்டதைவிட, கூரை போடாமல் போன இடங்களில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன் மணி அடித்தால்...

"ஹலோ, மாடிக்கு ஷீட் போடணும். ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்?"

பத்துப் போனில் எட்டு இப்படித்தான் ஆரம்பிக்கும். மாடி எவ்வளவு பெரிது, எவ்வளவு உயரம், துணி காயப்போடவா, வாடகைக்கு அறை தடுக்கவா, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாமாவும் "நேர்ல வந்து பாத்துச் சொல்றேன் சார்" என்று வண்டியை எடுத்துவிடுவார்.

இப்படிக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம் என்று நினைத்தால் தப்பு. உண்மையாகவே கூரை வேண்டும், நாலு இடத்தில் விசாரித்துச் செய்யலாம் என்பவர்கள் முதல் ரகம். ஆளை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, அவரிடம் பேரம் பேச இன்னொரு தாளைத் தேடுகிறவர்கள் இரண்டாவது ரகம். லோனுக்கோ, சங்கத்துக் கணக்குக்கோ "மூணு கொட்டேஷன்" வேண்டும் என்பதற்காக நம்மை மூன்றாவது ஆளாக்குகிறவர்கள் அடுத்த ரகம். "இப்போதைக்கு இல்ல, சும்மா தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்" என்பவர்கள் கடைசி ரகம். நாலு ரகமும் போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். அதுதான் சிக்கல்.

ஒரு எஸ்டிமேட்டின் விலை

முதல் கோடையில், மே மாதக் கணக்கை மாமாவின் நோட்டிலிருந்து நான் எடுத்தேன். போய் அளந்தது 17 மாடி. கிடைத்த வேலை 4.

ஒரு மாடிக்குப் போய் வர பெட்ரோல், இரண்டு பேருடைய அரைநாள், ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடும் நேரம் எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். கிடைக்காத 13 வேலைக்கு 7,800 ரூபாய். இந்தப் பணம் எங்கிருந்து வரும்? வேலை கொடுத்த அந்த நாலு பேரிடமிருந்துதான் வர வேண்டும். ஆளுக்கு 1,950 ரூபாய். பில்லில் எந்த வரியிலும் அது இருக்காது. ஆனால் ரேட்டுக்குள்ளே இருக்கும். "எஸ்டிமேட் ஃப்ரீ" என்று போர்டு வைக்கிறார்களே, அது ஃப்ரீ இல்லை நண்பர்களே! ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் கொடுக்கிறார்.

நான் செய்த தப்பு

ஜூன் முதல் வாரம் ஒரு வீட்டுக்காரர் மிகவும் அன்பாகப் பேசினார். காபி கொடுத்தார். "தம்பி பாலிடெக்னிக்கா? அப்ப நல்லா விவரமா போட்டுக் குடுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிளான், எலிவேஷன், தூண் எங்கெங்கே, டியூப் எத்தனை நீளம், ஸ்க்ரூ எத்தனை என்று மூன்று தாளில் அழகாக வரைந்து கொடுத்தேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து பஸ்ஸில் அந்தத் தெரு வழியாகப் போனேன். மாடியில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. வேறு ஆட்கள். தூண்கள் நான் புள்ளி வைத்த இடத்திலேயே நின்றன! ஆனால் பர்லின் இடைவெளி நான் போட்டதைவிட அகலம்; டியூபும் மெலிசு.

மாமாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "மாப்ள, நீ எஸ்டிமேட் போடல. அடுத்தவனுக்கு ஓசியில டிராயிங் போட்டுக் குடுத்திருக்கே" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் குத்துகிறது.

மாமா போட்ட வேலி

அன்று இரவே மாமா சில முடிவுகள் எடுத்தார். நாளை நமக்கும் உதவும் என்பதால் வரிசையாகத் தருகிறேன்.

1. வண்டி எடுக்கும் முன் போனிலேயே ஐந்து கேள்வி: இடம் எங்கே? நீளம் அகலம் தோராயமாக எவ்வளவு? எதற்காகக் கூரை? எப்போது ஆரம்பிக்க வேண்டும்? முடிவு எடுப்பது யார்? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வாடகைக்கு இருப்பவர் கேட்டு, வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்ன கதை எங்களிடம் இரண்டு உண்டு.

2. போனிலேயே "இதிலிருந்து இதுக்குள்ள வரும்" என்று ஒரு வரம்பு சொல்லிவிடுவது. அதைக் கேட்டதுமே பின்வாங்குகிறவர், மாடிக்குப் போய் அளந்த பிறகும் பின்வாங்கத்தான் போகிறார்.

3. ஊருக்கு வெளியே என்றால் பார்வையிட 500 ரூபாய். வேலை கொடுத்தால் பில்லில் கழித்துவிடுவது.

4. கொட்டேஷனில் தரம் மட்டும். டிராயிங், வெட்டு நீளப் பட்டியல் எல்லாம் அட்வான்ஸ் வந்த பிறகு.

5. கொட்டேஷன் 7 நாளைக்குத்தான் செல்லும். இரும்பு விலை நாம் சொன்னபடி நிற்காது.

6. மூன்று நாள் கழித்து ஒரே ஒரு போன். அதற்குமேல் துரத்துவதில்லை.

உள்ளூரில் 500 ரூபாய் கேட்டுப் பார்த்ததும் உண்டு. "மாடி ஏறிப் பாக்கறதுக்கே காசா?" என்று இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். அதனால்தான் வெளியூருக்கு மட்டும் என்று ஆனது. டாக்டருக்குப் பார்வைக் கட்டணம் கொடுக்கிற நாம் காண்டிராக்டருக்கு ஏன் கொடுப்பதில்லை என்று மாமா கேட்பார். எனக்கு இன்றுவரை சரியான பதில் தெரியவில்லை.

டீச்சரம்மா

வேலி போட்ட புதிதில் வேலிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றாது. அதே ஜூன் கடைசியில் ஓர் அம்மா போன் செய்தார். ரிட்டயர்டு டீச்சர். அதே கேள்வி: "ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்?" மாமா ஐந்து கேள்வி கேட்டார். எதற்கும் அவரிடம் சரியான பதில் இல்லை. "நாலு பேர்கிட்ட கேட்டுட்டேன், நீங்களும் சொல்லுங்க" என்றார். மாமாவுக்கு அன்றைக்கு என்ன அலுப்போ, "அந்த நாலு பேர்ல ஒருத்தர்கிட்டயே குடுத்துடுங்கம்மா" என்று வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த நானும் சிரித்தேன்.

ஐப்பசி மழையில் அவரே மறுபடி கூப்பிட்டார். தீபாவளி விடுமுறை, நானும் மாமாவும் போனோம். புதுக் கூரை போட்டு மூன்று மாதம்தான். ஹாலுக்கு மேலே மொட்டை மாடியில் நாலு வாளி வைத்திருந்தார். கூரையில் சரிவு என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. பல ஸ்க்ரூக்களில் ரப்பர் வாஷர் கிடையாது. கையால் அசைத்தால் டியூப் அதிர்ந்தது. நாலு பேரில் குறைந்த ரேட் சொன்னவரிடம் கொடுத்திருக்கிறார்.

மாமா தயங்கித் தயங்கி, "அன்னிக்கு நான் கொஞ்சம் விவரமாப் பேசியிருக்கணும்மா" என்றார். அந்த அம்மா கோபப்படவில்லை. "எனக்கு வேற என்ன கேக்கறதுன்னு தெரியல தம்பி. ரேட் ஒண்ணுதான் கேக்கத் தெரிஞ்சுது" என்றார்.

திரும்பி வரும்போது மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. விலை மட்டும் கேட்கிறவர் எல்லோரும் நம்மை ஏய்க்க வருகிறவர் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதையும் நாம் அவர் கையில் கொடுக்கவில்லை. அதனால் விலையை ஒப்பிடுகிறார்.

ரேட்டுக்குள்ளே என்ன இருக்கிறது?

அந்த விடுமுறையில் நானும் மாமாவும் சேர்ந்து ஒரு பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தோம். கொட்டேஷன் கேட்கிற எல்லோருக்கும் அதைக் கொடுப்பது என்று முடிவு. அதில் நாலு விஷயம்.

முதலாவது, அளவு. 30 அடிக்கு 30 அடி மாடி என்றால் தரைப்பரப்பு 900 சதுர அடி. சாரல் அடிக்காமல் இருக்க நாலு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டினால் 33க்கு 33. நடுவில் 4 அடி உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவு கொடுத்தால், ஷீட்டின் பரப்பு சுமார் 1,120 சதுர அடி ஆகிவிடும். (பித்தகோரஸ் தேற்றம்தான், போட்டுப் பாருங்கள்.) இப்போது ஒருவர் 210 ரூபாய் ரேட், ஷீட் பரப்புக்கு என்கிறார். இன்னொருவர் 240 ரூபாய், தரைப்பரப்புக்கு என்கிறார். முதலாமவருக்கு 2,35,200 ரூபாய். இரண்டாமவருக்கு 2,16,000 ரூபாய். ரேட் குறைவானவரிடம் மொத்தம் அதிகம்! (ரூபாய் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டது.) ஆகவே எதை அளந்து ரேட் என்று முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஷீட்டின் கனம். 0.50 மி.மீ. என்றால் உள்ளே இருக்கிற இரும்பு மட்டுமா, துத்தநாகப் பூச்சும் பெயிண்ட்டும் சேர்த்தா? ஒரு சதுர மீட்டருக்கு 0.50 மி.மீ. இரும்பு 3.9 கிலோ, 0.45 என்றால் 3.5 கிலோ. 100 சதுர மீட்டர் கூரையில் சுமார் 40 கிலோ இரும்பு வித்தியாசம். கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

மூன்றாவது, டியூப். 50க்கு 25 மி.மீ. டியூப், 6 மீட்டர் நீளம்: சுவர் கனம் 2 மி.மீ. என்றால் சுமார் 13 கிலோ நிற்கும், 1.6 மி.மீ. என்றால் 11 கிலோகூட வராது. எடை போட்டால் தெரிந்துவிடும். முதலாம் ஆண்டு பிசிக்ஸ் லேபில் கம்பியின் விட்டம் அளந்தோமே ஸ்க்ரூ கேஜ், அது போதும். அதை வைத்து டியூபின் வெட்டுமுனையில் அளந்து காட்டியபோது டீச்சரம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். லேபில் அதை எத்தனை நாள் வேண்டாவெறுப்பாகத் தொட்டிருக்கிறோம்!

நாலாவது, ஸ்க்ரூவும் பிடிமானமும். கூரை கீழே விழாமல் இருக்கத்தான் தாங்கல் என்று பலர் நினைக்கிறார்கள். ஷீட் கூரைக்குப் பெரிய ஆபத்து அது மேலே கிளம்புவதுதான். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் திருச்சிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 47 மீட்டர். சென்னைக்கு 50, மதுரைக்கும் கோவைக்கும் 39. அழுத்தம் 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 47 என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 1,325 நியூட்டன், அதாவது 135 கிலோ எடைக்குச் சமம். கட்டிடத்தின் உயரம், சுற்றுப்புறம், கூரையின் சரிவு இவற்றுக்கான குணகங்களைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் ஷீட்டின் சொந்த எடை 4 கிலோதான்! மீதியைப் பிடித்து நிறுத்துவது ஸ்க்ரூ, பர்லின், வெல்டிங், தூணின் அடியில் இருக்கும் ஆங்கர் போல்ட். குறைந்த ரேட்டுக்காகச் சிலர் முதலில் கைவைப்பது அங்கேதான்.

பலன் என்ன?

தாள் கொடுத்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். ரேட் மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைப்பவர்கள் போன கோடையிலும் இருந்தார்கள். ஆனால் ஒருவர் தாளை எடுத்துக்கொண்டு போய், பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். "ஷீட் கனத்தை எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். எழுத மாட்டேன்னுட்டாங்க. நீங்களே போடுங்க" என்றார். எங்கள் ரேட் அதிகம்தான் என்று தெரிந்தே வந்தார்.

குறைத்துக் கேட்பவரிடம் மாமா இப்போது முகம் சுளிப்பதில்லை. "குறைக்கலாம் சார். எதைக் குறைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று தாளை நீட்டுகிறார். நீட்டலை ஒன்றரை அடியிலிருந்து ஒரு அடியாக்கலாம். மழைநீர்க் கால்வாயைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். டியூபின் கனமும் ஸ்க்ரூவின் எண்ணிக்கையும் மட்டும் பேச்சுக்கு வராது. எது குறைந்தது என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுவார்.

டீச்சரம்மா வீட்டுக் கூரையைத் தை மாதம் சரிவு கொடுத்து மாற்றிப் போட்டோம். ஷீட்டில் பாதி உதவியது. டியூபைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதாயிற்று. லேபர் கூலி மட்டும்தான் மாமா வாங்கினார். ஆனாலும் அந்த அம்மாவுக்கு அது இரண்டாவது செலவுதானே?

நண்பர்களே! இன்னும் சில மாதங்களில் நாமும் கையில் டேப்போடு யாராவது ஒருவர் வீட்டு மாடி ஏறுவோம். நமது நேரத்துக்கு விலை உண்டு; வீணாக்கக் கூடாது. ஐந்து கேள்வி கேட்டுவிட்டே ஏறுவோம். டிராயிங்கை ஓசியில் கொடுக்க வேண்டாம். ஆனால் "ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்?" என்று கேட்பவரிடம், வேறு என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் இரண்டு நிமிஷம் ஒதுக்கிச் சொல்லிவிடுவோம். அந்த இரண்டு நிமிஷத்தை அன்று மாமாவும் நானும் ஒதுக்கியிருந்தால், டீச்சரம்மா மாடியில் நாலு வாளி வைத்திருக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது.