நடவு வேலையில் இடுப்பு வலியும் மூட்டை தூக்குவதில் முதுகுப் பிடிப்பும்: தடுக்கும் முறையும் பரிகாரமும்

மேட்டூர் அணையிலிருந்து ஜூன் மாதம் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கமாகக் கொள்ளப்பட்டு வருகிறது. காவேரியில் நீர் வந்து, குத்தாலம் வட்டாரத்து வாய்க்கால்களில் பாய்ந்ததும், நாற்றுப் பறித்தல், அண்டை வெட்டுதல், சேடை கூட்டுதல், நடவு ஆகிய வேலைகள் யாவும் ஒரே சமயத்தில் நெருக்குகின்றன. அப்போது ஓர் ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டால், அவருக்கு அன்றைய கூலி நஷ்டம். நிலத்துக்காரருக்கு நடவின் பருவம் நஷ்டம். விதைக்கும் எருவுக்கும் கணக்கு வைத்திருக்கும் விவசாயிகள், வேலை செய்யும் தேகத்திற்குக் கணக்கு வைப்பதில்லை. இவ்வலிகளில் பெரும்பான்மையானவை தடுக்கக்கூடியவையே.

வலி உண்டாகும் காரணம்

துலா மரத்தின் நீண்ட பக்கத்தில் தொங்கும் சால் சிறியதாயினும், குறுகிய பக்கத்தில் பெரிய கல்லைக் கட்டினால்தான் அது சமன்படும் என்பதை விவசாயிகள் அறிவார்கள். மனித முதுகும் இவ்விதமே அமைந்துள்ளது. குனியும்போது உடலின் மேற்பாகமும் கையிலுள்ள பாரமும் முதுகெலும்பிலிருந்து தூரத்தில் தொங்குகின்றன. அவற்றைத் தாங்கும் தசைகளோ முதுகெலும்பை ஒட்டியே இருக்கின்றன. ஆகையால், தூக்கும் பாரத்தைப்போல் பல மடங்கு விசை அத்தசைகளுக்கும், எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்கும் ஏற்படுகிறது. குனிந்தபடியே இடுப்பைத் திருப்பினால் தீங்கு அதிகமாகும்.

முன்கூட்டிக் கவனிக்க வேண்டியவை

1. நடவு செய்வோர் சுமார் அரைமணிக்கு ஒரு முறை நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் ஊன்றி, மெதுவாகப் பின்னுக்கு ஐந்து முறை வளைய வேண்டும். இதற்கு இரண்டு நிமிஷங்கூடப் பிடிக்காது. இதனால் வேலை குறைந்துவிடும் என்று மேஸ்திரிகள் அஞ்ச வேண்டியதில்லை.

2. நாற்று முடிகளை வயல் முழுவதும் முன்னதாகவே வீசிப் பரப்பிவைத்தால், நடுவோர் குனிந்தபடி திரும்பி எட்டி எடுக்கும் சிரமம் நீங்கும்.

3. வரிசை நடவு செய்த வயலில் உருளும் களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். குனிந்து களை பறிக்கும் வேலை இதனால் குறைகிறது. மண்வெட்டிக்கு ஆளின் உயரத்திற்கேற்ற நீண்ட காம்பு போடுவதும் நலம்.

4. இப்பகுதியில் நெல் மூட்டை 60 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். ஓர் ஆண் தொழிலாளி தனியே சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ஆம் ஆண்டிலேயே சிபாரிசு செய்தது. 40 கிலோ சாக்குகளில் பிடிப்பது ஆளுக்கும் நல்லது, களத்தில் வேலையும் தடையின்றி நடக்கும். கனமான மூட்டையை இருவர் சேர்ந்தே தூக்க வேண்டும். முழங்காலை மடக்கி, மூட்டையை மார்போடு அணைத்து எழுந்திருக்க வேண்டும். திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

கணுக்கால் சுளுக்கு

ஈர வரப்பில் வழுக்கிக் கணுக்கால் பிசகினால், முதல் இரண்டு நாட்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதும் வெந்நீர் ஒற்றடமும் கூடாது; இவற்றால் வீக்கம் அதிகப்படும். துணியில் சுற்றிய பனிக்கட்டியையோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ 15 நிமிஷம் வீதம் நாளைக்குச் சிலமுறை வைத்து, அகலமான துணியால் மிதமாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். வலி தணியத் தொடங்கியதும் பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பழக வேண்டும். நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டாலும், கணுவெலும்பைத் தொட்டால் கடும் வலி இருந்தாலும், எலும்பு முறிவா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலன்றிக் கட்டுப் போடலாகாது.

இடுப்புப் பிடிப்பு

இடுப்புப் பிடித்தவர் பல நாட்கள் பாயில் படுத்திருக்க வேண்டும் என்பது பழைய அபிப்பிராயம். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி நகரத்தில் நகரசபை ஊழியர்களைக் கொண்டு செய்து, 1995-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான காரியங்களைச் செய்தவர்களே விரைவில் குணமடைந்ததாகக் காணப்பட்டது. ஆகையால் பாரம் தூக்குவதையும் நெடுநேரம் குனிவதையும் மட்டும் நிறுத்தி, சிறிது சிறிதாக நடமாடுவதே உத்தமம். வெதுவெதுப்பான ஒற்றடம் இதில் சுகம் தரும்.

வலி குறைந்தபின், மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்க வேண்டும். காலையும் மாலையும் பத்து முறை வீதம் செய்துவந்தால் முதுகுத் தசைகள் உறுதிப்படும். அப்போது வலி காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கி வேலைக்குப் போவது பெருந்தவறு. வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றியிருக்கும்போது, இவற்றுள் பல சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கக்கூடியவை.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

இடுப்பு வலியுடன் சிறுநீர் அடைத்தல் அல்லது தன்னையறியாமல் கழிதல், ஆசனத்தைச் சுற்றி மரத்துப்போதல், காலில் பலம் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவற்றில் நேரம் கடந்தால் நிரந்தர ஊனம் உண்டாகலாம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தேங்கிய நீரில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசையில் கடும் வலியும் கண் சிவப்பும் ஏற்பட்டால், அதை வேலை அலுப்பு என்று எண்ணிவிடக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலாக அது இருக்கலாம். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் உயிருக்கே அபாயம்.

நிலத்துக்காரர்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

வலி வந்ததும் ஆட்கள் அதை மறைப்பதற்குக் காரணம், சொன்னால் மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயமே. மறைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிறவர், இரண்டு நாளில் தீர வேண்டிய பிடிப்பை இரண்டு மாத நோயாக்கிக்கொள்கிறார். அப்படிப்பட்டவருக்கு மடை பார்த்தல், நாற்றங்கால் காவல், சாக்குத் தைத்தல் போன்ற இலேசான வேலையை அதே கூலிக்குச் சில நாட்கள் கொடுத்தால் பயம் நீங்கும். பழகிய ஆளும் கைவிட்டுப் போகமாட்டார். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில் வீட்டிற்கே வந்து செய்யும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. இத்தகைய உதவிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து, நடவு தொடங்குமுன்பே ஊராருக்கு அறிவிப்பது கிராம அதிகாரிகளின் கடமையாகும்.

ஏர் மாட்டுக்குக் கழுத்தில் புண் கண்டால் நுகத்தடி வைக்காத நம் விவசாயிகள், நடவு செய்யும் கைகளுக்கும் அந்தத் தயவைக் காட்டுவார்களாக.