நோன்பு திறந்த கையில் பீடியா?

ரமளான் மாதத்தில் மஃரிபு பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறக்கின்றோம். கஞ்சி அருந்துகின்றோம். ஜமாஅத்துடன் தொழுகின்றோம். ஆனால் நம்மில் சிலர் ஸலாம் கொடுத்த மறுகணமே பள்ளிவாசலின் வெளிவாசலை நோக்கி விரைகின்றனர். எதிரே பெட்டிக்கடை ஓரத்தில் புகை எழுகின்றது. 13 மணி நேரத்திற்கும் மேலாக அல்லாஹ்வுக்காகப் புகைக்காமல் இருந்தவர், அந்தி சாய்ந்ததும் அதே பீடியிடம் திரும்பிச் செல்கின்றார்.

"என்னால் இதை விடவே முடியாது" என்று கூறும் இந்தச் சகோதரர், ரமளானின் ஒவ்வொரு பகலிலும் அதை விட்டுக் காட்டிக்கொண்டுதான் இருக்கின்றார்! இந்த உண்மையை அவருக்கும் அவருடைய வீட்டாருக்கும் எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

மார்க்கம் என்ன சொல்கின்றது?

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஏறத்தாழ ஹிஜ்ரி 1000-ஐ ஒட்டித்தான் அது முஸ்லிம் நாடுகளுக்கு வந்து சேர்ந்தது. எனவே இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோரின் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. பிற்காலத்து உலமாக்களிடையேதான் கருத்து வேறுபாடு தோன்றியது. எகிப்தின் மாலிக்கீ அறிஞர் இப்ராஹீம் அல்லக்கானீ (ரஹ்) அவர்கள் கூடாது என்று எழுதினார்கள். டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபீ அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ (ரஹ்) அவர்கள் ஆகும் என்று எழுதினார்கள். மக்ரூஹ் என்றோரும் பலர்.

ஆகும் என்றோர், கேடு உண்டென்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்பதை ஒரு முக்கிய வாதமாக வைத்தனர். இன்று அந்த வாசல் அடைபட்டுவிட்டது. 1950-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை அதை உறுதி செய்தது. 1995-ல் மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு புகைத்தல் ஹராம் என்று தீர்ப்பளித்தது.

தம் கைகளாலேயே தம்மை அழிவில் தள்ளிக்கொள்வதை இறைமறை (2:195) தடுக்கின்றது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் எனக் கண்டிக்கின்றது (17:27). பூண்டும் வெங்காயமும் தின்றவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வருவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஹலாலான உணவின் வாடைக்கே இந்த விதி என்றால், பீடி நாற்றத்தோடு தராவீஹ் ஸஃப்பில் நிற்பது எப்படித் தகும்?

உடல் என்னாகின்றது?

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் 70 அளவில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பீடி இலையில் சுற்றியது, ஆகவே தீங்கு குறைவு என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. பீடி இலையில் காற்று புகும் துளைகள் இல்லை. பீடி அடிக்கடி அணையும். அணையாதிருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருப்பதால் நஞ்சு அதிகமாகவே உள்ளே செல்கின்றது.

(பீடி சுற்றிப் பிழைக்கும் மேலப்பாளையம் போன்ற ஊர்களின் ஏழைப் பெண்களை நாம் குறை கூற வரவில்லை. புகையிலைத் தூளுக்கு நடுவே நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் அவர்களுக்கு வேறு தொழிலுக்கு வழி காட்டுவது ஜமாஅத்துகளின் கடமையாகும்.)

1951-ல் தொடங்கி 50 ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. தொடர்ந்து புகைத்தோர் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தனர் என அது கண்டது. நற்செய்தியும் அதில் உண்டு: 60 வயதில் விட்டவர் சுமார் 3 ஆண்டுகளையும், 50-ல் விட்டவர் 6 ஆண்டுகளையும், 40-ல் விட்டவர் 9 ஆண்டுகளையும் திரும்பப் பெற்றனர். 30-ல் விட்டவருக்கு ஏறக்குறைய முழு இழப்பும் நீங்கியது. ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆயினும் காரணங்களைப் பேணுவது நம் மீது கடமையல்லவா? "வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்பது ஷைத்தானின் பேச்சு.

இந்தப் புகை, புகைப்பவரோடு நிற்பதில்லை. ஒரே அறையில் உறங்கும் பிள்ளைக்கு இளைப்பும் சளிக்காய்ச்சலும் காதுவலியும் வர அது காரணமாகின்றது. கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள குழந்தை எடை குறைகின்றது. பிறர் விட்ட புகையால் மட்டும் உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர்.

ரமளான் தரும் வாய்ப்பு

புகைத்தல் நோன்பை முறிக்கும் என்பதை அனைவரும் அறிவோம். ஆகவே நோன்பாளி பகலில் தொடுவதில்லை. உடலிலுள்ள நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. மஃரிபு வேளையில் மிகச் சொற்பமே எஞ்சியிருக்கும். இரத்தத்தில் கலந்த கார்பன் மோனாக்சைடும் பெருமளவு இறங்கிவிடும். பாதி வழி கடந்தாயிற்று. அந்த நேரத்தில் பற்றவைக்கும் ஒரு பீடி, பகலின் உழைப்பையெல்லாம் வீணாக்கி, ஏக்கத்தை மீண்டும் முதலிலிருந்து வளர்க்கின்றது.

புகையை விட்டவருக்கு எரிச்சல், தலைவலி, தூக்கக் குறைவு ஆகியவை முதல் வாரத்தில்தான் மிகும். அதிலும் 2-ம் 3-ம் நாள்கள் கடினமானவை. பெரும்பாலோர்க்கு 2 முதல் 4 வாரங்களில் அவை தணிந்துவிடும். ரமளானோ 29 அல்லது 30 நாள்கள்! இரவுகளையும் காத்துக்கொண்டால் பெருநாள் பிறையோடு விடுதலையும் பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.

செய்ய வேண்டியவை

முதலாவது: ஷஃபானிலேயே நிய்யத்துச் செய்து வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். பீடிக்கட்டு, தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் யாவும் வெளியேறட்டும்.

இரண்டாவது: ஏக்கம் எழுந்தால் அது ஐந்து பத்து நிமிடங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். எழுந்து ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுது முடிக்கும் நேரம்தான் அது. இரவில் தண்ணீர் அருந்தலாம். ஏலமோ கிராம்போ வாயில் போடலாம். மிஸ்வாக்கும் பேருதவி செய்யும்.

மூன்றாவது: கால் பழகிய பெட்டிக்கடைப் பக்கம் சில வாரங்கள் போகாதிருக்க வேண்டும். இஃப்தாருக்குப் பின்னும் ஸஹருக்குப் பின்னும் உள்ள நேரங்களே ஆபத்தானவை. அவ்வேளைகளைக் குர்ஆன் ஓதுவதிலும் பிள்ளைகளோடு அமர்வதிலும் கழிக்கலாம்.

நான்காவது: அன்றாடம் பீடிக்குப் போகும் காசை உண்டியலில் இட்டு, பெருநாளன்று ஏழைகளுக்கு ஸதகா கொடுக்கலாம்.

ஐந்தாவது: மருந்தின் துணையை நாடுவது குற்றமல்ல. மருத்துவரைக் கலந்து, நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றை இரவில் பயன்படுத்தலாம். பகலில் மென்றால் நோன்பு முறியும். தோலில் ஒட்டும் மருந்துப்பட்டை நோன்பை முறிக்காது என ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் முடிவு செய்துள்ளது; எனினும் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம். 1800-11-2356 என்ற இந்திய அரசின் எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். பீடிக்குப் பதிலாக மூக்குப்பொடிக்கோ மெல்லும் புகையிலைக்கோ மாறுவது விடுவதாகாது.

வீட்டாருக்கு ஒரு சொல்

முதல் பத்து நாளில் அவர் சிடுசிடுப்பார். அதைப் பொறுத்துக்கொள்வதும் நன்மையே. "இவராவது விடுவதாவது!" என்ற ஏளனம் வேண்டாம். ஒருநாள் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிடவும் வேண்டாம். பலர் பலமுறை முயன்றே விட்டிருக்கின்றனர். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கின்றது.

பிள்ளையிடம் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பும் தகப்பனார், 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலை விற்பது 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அறியட்டும். அதைவிட, அந்தப் பிள்ளையின் கையில் தாம் எதைப் பழக்குகின்றோம் என்பதை எண்ணட்டும்.

பெருநாள் அன்றுதான் பலர் சறுக்குகின்றனர். "ஒன்றே ஒன்று" என நீட்டும் நண்பரிடம் அன்போடு மறுத்துவிட வேண்டும். ஷவ்வாலின் ஆறு நோன்புகளை அதற்கு வேலியாக்கிக் கொள்ளலாம்.

அல்லாஹ்வுக்காகப் பகலில் விட்டதை அவனுக்காகவே இரவிலும் விடும் உறுதியை வல்ல நாயன் நம் சகோதரர்களுக்கு அருள்வானாக! நம் வீடுகளைப் புகையற்ற வீடுகளாக ஆக்குவானாக! ஆமீன்.