குதிரையும் எருமையும்: திருவிதாங்கூர் வரலாற்றில் ஒரு பாடம்

திருவனந்தபுரம் செல்லும் நம் சகோதரர்கள் அந்நகரில் இரண்டு சிலைகளைக் கண்டு வருதல் நலம். ஒன்று பாளையத்தில் உள்ளது. அது பத்திரிகையாசிரியர் சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளையினுடையது. மற்றொன்று வெள்ளையம்பலம் சந்திப்பில் தலைப்பாகையுடன் நிற்கும் அய்யன்காளியினுடையது; 1980இல் இந்திரா காந்தி அம்மையாரால் திறந்து வைக்கப்பெற்றது. முன்னவர் காரல் மார்க்ஸின் வாழ்க்கையை எழுதியவர். பின்னவர் எழுத்தறியாதவர். இருவரும் ஒரே காலத்தில், ஒரே சீமையில் வாழ்ந்தவர்கள். இவர்களை ஒருங்கே வைத்து ஆராய்ந்தால், புரட்சி என்று உலகம் பேசும் பொருளை எவ்வளவைக்கொண்டு அளப்பது என்பது நமக்குத் தெளிவாகும்.

இராமகிருஷ்ண பிள்ளை 1878இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். வக்கம் அப்துல் காதர் மௌலவி என்ற முஸ்லிம் அறிஞர் 1905இல் தொடங்கிய 'சுதேசாபிமானி' பத்திரிகைக்கு அடுத்த ஆண்டில் ஆசிரியரானார். அரண்மனை ஊழலையும் திவானின் நடத்தையையும் அஞ்சாது கண்டித்தெழுதினார். 1910 செப்டம்பர் 26ஆம் நாள் அச்சகம் பறிமுதலாயிற்று. ஆசிரியர் கைதாகி, ஆரல்வாய்மொழி எல்லையைக் கடத்தித் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் அவர் சொந்த நாட்டில் வாழவில்லை. 1916இல் கண்ணூரில் மறைந்தார். நாடு கடத்தப்பட்டிருந்த அந்நாளில், 1912இல், அவர் மலையாளத்தில் வெளியிட்டதே மார்க்ஸ் வரலாறு. இந்திய மொழிகளில் வெளிவந்த முதல் மார்க்ஸ் வரலாறு என்று அது போற்றப்படுகிறது. பேனாவைத் தவிர வேறு படைக்கலமின்றி ஓர் அரசை எதிர்த்து நின்ற அவருடைய துணிவை நாம் குறைத்துரைக்க வரவில்லை.

ஆயினும் அவர் கைதாவதற்கு ஆறு திங்கள் முன்பு நிகழ்ந்தது ஒன்றுண்டு. புலையர் முதலான ஒடுக்கப்பட்ட குலத்தாரின் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளிற் சேர்க்கவேண்டுமென அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. அப்போது 1910 மார்ச்சு மாதச் 'சுதேசாபிமானி' தலையங்கத்தில் இராமகிருஷ்ண பிள்ளை அதை எதிர்த்தார். எத்தனையோ தலைமுறைகளாக அறிவைப் பண்படுத்தி வந்தவர்களையும், எத்தனையோ தலைமுறைகளாக நிலத்தைப் பண்படுத்தி வந்தவர்களையும் ஒரே வகுப்பில் அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்திற் பூட்டுவது போலாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். நிலத்தைப் பண்படுத்தியவர் விளைத்த நெல்லை உண்டே மற்றவர் அறிவைப் பண்படுத்தினர் என்பது அவருக்கு அன்று தோன்றவில்லை போலும்! அரசனுக்கு எதிரே சமத்துவம் கேட்ட அதே பேனா, பள்ளிப் பலகையில் தனக்கு அருகே ஒரு சிறுவன் அமர வந்தபோது எருமையைக் காட்டிற்று.

இனி மற்றவரைக் காண்போம். அய்யன்காளி 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள வெங்கானூரில் புலையர் குடியிற் பிறந்தார். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரச விளம்பரம் 1855இல் வெளிவந்தது. அவர் பிறந்தது அதற்கு எட்டாண்டுகளுக்குப் பின். சட்டத்தில் அடிமை இல்லை. வயலிலும் வழியிலும் இருந்தான். பொதுச் சாலையில் நடக்கலாகாது, முழங்காலுக்குக் கீழே துணி தாழலாகாது, பள்ளி வாயிலை மிதிக்கலாகாது. 1893இல் அய்யன்காளி ஒரு வில்லு வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டியுடுத்து, மேலாடை தரித்து, தலைப்பாகை கட்டி, மணியோசை கேட்க அதனைப் பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். எதிர்த்து வந்தவர்களுக்கு அஞ்சி வண்டியைத் திருப்பினாரில்லை. பிறகு பாலராமபுரத்தில் நடைவழியுரிமைக்காகக் கைகலப்பே நேர்ந்தது.

1907இல் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அதே 1907ஆம் ஆண்டு ஜூன் திங்களில்தான் நம் பண்டித அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார் என்பதை வாசகர் அறிவர். சுதேசியம் பேசுவோர் சாதியை விடாமலே சுயராச்சியம் கேட்கின்றனர் என்று பண்டிதர் இங்கே இடித்துரைத்துக்கொண்டிருந்த நாட்களில், அங்கே அதற்கு உதாரணம் நடந்துகொண்டிருந்தது.

சங்கம் பள்ளி கேட்டது. அரசாங்கம் இசைந்தாலும் ஊரார் இசையவில்லை. அதற்கு முன் வெங்கானூரில் தம் மக்களுக்கென அய்யன்காளி அமைத்த ஓலைப் பள்ளியும் தீக்கிரையாகியிருந்தது. ஆகவே 1907-08இல் அவர் வயல் வேலையை நிறுத்தச் செய்தார். எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாவிட்டால் உங்கள் வயல்களில் முட்டிப்புல் முளைக்கும் என்பது அவர் விடுத்த எச்சரிக்கை. அடி உதையும் பொய் வழக்குகளும் ஒழியவேண்டும், கூலி திருத்தமாகவேண்டும், பொதுவழியில் நடக்கவேண்டும் என்ற கோரிக்கைகளும் உடன் இருந்தன. ஆனால் முன்வரிசையில் நின்றது பிள்ளையின் படிப்பு. உருசியப் புரட்சிக்குப் பத்தாண்டுகளுக்கு முன், கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி 1939இல் உருவாவதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன், எழுத்தறியாத வேளாண் தொழிலாளர் எழுத்துக்காக வேலைநிறுத்தம் செய்தனர். கூலிக்காக நின்ற வேலைநிறுத்தங்கள் உலகில் அநேகம். பாடசாலைக்காகப் பட்டினி கிடந்தவர்களை எங்கே காண்கிறோம்?

இவ்வேலைநிறுத்தம் எவ்வாறு நிலைத்தது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாளி வாயிலில் வேறொருவனை அழைத்துக்கொள்கிறான். தென் திருவிதாங்கூர் நிலவுடைமையாளருக்கு அவ்வழி எளிதாயில்லை. சேற்றில் இறங்குவது இன்னாருக்கே உரியது என்று அவர்களே வகுத்து வைத்திருந்தனர். பிறரை இறங்கச் சொன்னால் சாதி கெடும். தாமே இறங்கினாலோ பழக்கமில்லை. வீம்புக்காகச் சேற்றில் இறங்கியவர்கள் வேலை தெரியாமல் கரையேறினார்கள் என்று அவ்வட்டாரத்தில் கதை சொல்வார்கள். தீண்டாமை என்ற வேலியை எழுப்பியவர்கள் அவ்வேலிக்குள் தாமே அகப்பட்டனர். இதை அய்யன்காளி எந்த நூலிலிருந்தும் கற்கவில்லை, வயலிற் கற்றார்.

அவர் பக்கத்திலிருந்த குறை பசி. அன்றன்றைக் கூலியில் அன்றன்றைக்கு உண்பவர்களுக்குச் சேமிப்பு ஏது? கூரைகள் கொளுத்தப்பட்டன, மக்கள் தாக்கப்பட்டனர். அய்யன்காளி கடற்கரையை நாடினார். விழிஞம் மீனவரிடம் பேசி, படகு ஒன்றுக்கு ஒருவராகத் தம்மவரை ஏற்றிப் பாட்டிற் பங்கு தரும்படி ஏற்பாடு செய்தார். வயலிலிருந்து வந்தவர்கள் கடலில் வலையிழுத்து வயிறு வளர்த்தனர். வெளியாருடைய கைகள் நீளாமல் அப்போராட்டம் ஒரு பருவங்கூட நின்றிராது. முடிவில் கண்டல நாகம் பிள்ளை என்ற நீதிபதி இடைநின்று பேசினார், கோரிக்கைகள் ஏற்கப்பட்டன.

ஒப்பந்தம் வேறு, நடைமுறை வேறு. ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். பள்ளி எரிக்கப்பட்டது. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் மூண்ட அடிதடிகள் கொல்லம் ஆண்டு 1090இல், அதாவது 1914-15இல், பல ஊர்களுக்குப் பரவின. தொண்ணூறாமாண்டு லகளை என்று மலையாளிகள் அதனைக் குறிப்பர். அப்பள்ளியில் கருகிப்போன ஒரு பலகை இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது. 2022இல் பள்ளிக்கே அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பெற்றன.

இங்கு ஒரு கேள்வி எழும். மார்க்ஸைப் படித்த ஒருவருக்கு இது ஏன் விளங்கவில்லை? இராமகிருஷ்ண பிள்ளை தலையங்கம் எழுதியது 1910இல், மார்க்ஸ் நூல் வெளியிட்டது 1912இல். இடையிலே மனம் மாறியிருக்கலாமே என்று சில அன்பர் கூறுவர். இருக்கலாம். ஆனால் குறை ஒருவரோடு நிற்பதன்று. மார்க்ஸே 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, இருப்புப்பாதையும் புதிய தொழிலும் வந்தால் சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழிற்பிரிவு தானே கரைந்துபோகும் என்று எதிர்பார்த்தார். இருப்புப்பாதை வந்தது, சாதி அதில் பயணச்சீட்டு வாங்கி ஏறிக்கொண்டது. சாதி என்பது வேலைகளின் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே ஒருவருக்கொருவர் மேல்கீழாய்ப் பிரித்து நிறுத்துவது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். வெங்கானூர் வயல்களில் அது முன்னரே வெளிப்பட்டிருந்தது.

பிற்காலத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1957இல் கேரளத்தில் பொதுவுடைமைக் கட்சி தேர்தல் மூலம் ஆட்சிக்கு வந்தது. நிலச் சீர்திருத்தம் நெடும் போராட்டத்துக்குப் பின் 1970 ஜனவரி முதல் நாள் முழு வலிமை பெற்றது. குத்தகைக்காரர் தாம் பயிரிட்ட நிலத்துக்கு உரியவரானார்கள், இது பெருங்காரியம். ஆனால் சேற்றில் இறங்கியவர் பெரும்பாலும் குத்தகைக்காரரல்லர், கூலிகள். அவர்களுக்குக் கிடைத்தது குடிசை நின்ற மனை: ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை, நகராட்சியில் 5, மாநகரில் 3. உழுதவனுக்கு நிலம் என்ற முழக்கத்தில் 'உழுதவன்' யார் என்பதை மறுபடியும் மேலிருந்தோரே முடிவு செய்தனர். நம்மவர் எந்தக் கட்சியின் அறிக்கையைப் படித்தாலும், பங்கீடு எந்தப் படியோடு நிற்கிறது என்று விரல் வைத்துப் பார்க்கவேண்டும். நம் சொந்தச் சங்கங்களையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் தவறில்லை. பந்தியிலும் பெண் கொடுக்கும் இடத்திலும் நமக்குள்ளேயே குதிரை எருமைக் கணக்கு உண்டா இல்லையா என்பதை அவரவர் அறிவர்.

நிலத்தைப்பற்றி அய்யன்காளி முன்பே பேசியிருந்தார். 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமனம் பெற்று, தம் மக்களுக்கு வீடு கட்டவும் பயிரிடவும் நிலம் வேண்டுமென அச்சபையிற் கேட்டார். சபை கூடிவந்த விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம் 2019 முதல் அய்யன்காளி மண்டபம் என்று வழங்குகிறது.

1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூரில் கோயில் நுழைவு விளம்பரம் வெளியாயிற்று. அடுத்த ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்து அய்யன்காளியைக் கண்டார். அப்போது அம்முதியவர் கேட்டது கோயிலைக் குறித்தன்று; தாம் கண்மூடுமுன் தம் குலத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றுக் காணவேண்டும் என்பதே அவர் சொன்ன விருப்பம். 1941 ஜூன் 18ஆம் நாள் அவர் காலமானார்.