வளர்ப்பவர் பொறுப்பு

நாய் நன்றியுள்ள விலங்கு. ஆயினும் அது சட்டம் அறியாது. ஆகவே, அதனால் பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கும் கடமையை வளர்ப்பவரிடமே சட்டம் ஒப்படைத்துள்ளது.

அடுக்ககத்தின் படிக்கட்டில் ஒருவர் தம் நாயைச் சங்கிலியின்றி அழைத்து வருகிறார். அது எதிரே வந்த சிறுவனைக் கடித்துவிடுகிறது. "அவன் ஓடியதால்தான் கடித்தது" என்று கூறி அவர் எளிதில் தப்பிவிட இயலுமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. தம் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடுமெனில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாட்டை வளர்ப்பவர் செய்தல் வேண்டும். அறிந்தோ கவனக்குறைவாலோ அதைச் செய்யத் தவறினால் 6 மாதம் வரை சிறை, 5000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். காயமுற்றவர் இழப்பீடு கோரி உரிமையியல் நீதிமன்றத்தையும் நாடலாம்.

கடித்த நாயைத் தெருவில் விட்டுவிட்டால் பொறுப்பு நீங்குமா? நீங்காது. தக்க காரணமின்றி, பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அதனை அடித்துத் துன்புறுத்துவதும் குற்றமே.

சிறுவனைக் காப்பதும் நாயைக் காப்பதும், சங்கிலியைப் பிடிக்க வேண்டிய கையின் கடமைகளே.

சிந்தித்து எழுதுக

1. படிக்கட்டு நிகழ்வில் நாயை வளர்ப்பவர் செய்யத் தவறியது யாது?
2. கடித்த நாயைக் கைவிடுவது ஏன் தீர்வாகாது?