காவல் நிலமும் நமது காணியும்

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாங்கள் உழுத நிலத்துக்குப் பக்கத்தில் இப்போது அரசாங்கப் பலகை நிற்கிறது. இனி அங்கே போகலாமா? காடு வெட்டினால் பிடிப்பார்களா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. பலகையில் உள்ள சொல்லைப் பொறுத்தே பதில் மாறும். எனவே இப்பாடத்தில், காவல் நிலங்கள் எத்தனை வகை, அவை ஏன் காக்கப்படுகின்றன, அவற்றின் அருகே காணி உள்ளவர்கள் என்ன செய்யவேண்டும் என்பவற்றைப் பார்ப்போம். உதாரணங்களைப் பெரும்பாலும் மன்னார் மாவட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறோம். காவல் நிலங்களில் பல வகைகளை அங்கே அருகருகே காணலாம்.

1. ஏன் காக்கிறார்கள்?

வேறெங்கும் கற்க முடியாத ஒன்றை ஓர் இடத்தில் கற்க முடியுமானால் அவ்விடத்துக்கு அறிவியல் மதிப்பு உண்டு. அனுராதபுர மாவட்டத்தின் றிட்டிகல மலையைப் பாருங்கள். சுற்றிவர வரண்ட நாடு. 766 மீற்றர் உயரமான மலையுச்சியிலோ மூடுபனியும் ஈரமும் உண்டு. அதனால் ஈரவலயத்துச் செடிகள் அங்கே வளர்கின்றன. 1941 ஆம் ஆண்டிலேயே அம்மலையை ஆய்வுக்காக ஒதுக்கிவிட்டார்கள்.

மன்னாரில் வங்காலையை எடுத்துக்கொள்வோம். ஆழமற்ற கடல்நீர், சேற்றுத்தரை, உவர்நிலம், கண்டல் மரங்கள் எல்லாம் அங்கே ஒன்றுசேர்கின்றன. மாரிகாலத்தில் வடக்கே குளிர்நாடுகளிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும், பூநாரைகளும் அங்கே இரை தேடுகின்றன. நீர்ப்பறவைகளின் தொகை 20,000 ஐயும் தாண்டுவதுண்டு. அதே கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. 2008 இல் 4,839 ஹெக்டயர் பரப்பு சரணாலயமாக்கப்பட்டது. 2010 இல் றம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகவும் அது சேர்க்கப்பட்டது.

மண்ணுக்கு அடியில் உள்ளதற்கும் அறிவியல் மதிப்பு உண்டு. திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை பழைய துறைமுகம். 1980 முதல் 1984 வரை அங்கே அகழ்வு நடந்தது. போரினால் நின்றுபோன வேலை 2009-10 இல் மீண்டும் நடந்தது. அப்போது கிடைத்தவற்றுள் கருகிய நெல்மணிகளும் மிளகும் கிராம்பும் இருந்தன. கிராம்பு அந்நாளில் இந்தோனேசியாவின் தீவுகளில் விளைந்த பண்டம். ஒரு கருகிய கிராம்பு, நமது கரைக்கு எவ்வளவு தொலைவிலிருந்து வணிகம் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அது எந்த மண்படையில் கிடந்தது என்று தெரிந்தால்தான் காலத்தைக் கணிக்கலாம். புதையல் தேடி ஒருவர் குழி தோண்டினால் படைகள் கலந்துவிடும். கலந்த மண்ணை மறுபடி அடுக்க எவராலும் முடியாது.

2. மூன்று சட்டங்கள், மூன்று திணைக்களங்கள்

முதலாவது, 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். இது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. இதன் கீழ் பல வகை நிலங்கள் உண்டு. முக்கியமான மூன்றை மட்டும் கூறுகிறோம்.

கண்டிப்பான இயற்கை ஒதுக்ககம்: றிட்டிகல, ஹக்கல போன்றவை. ஆய்வு போன்ற தேவைக்கு எழுத்தில் அனுமதி பெற்றவர் மட்டுமே உள்ளே செல்லலாம்.

தேசிய பூங்கா: வில்பத்து போன்றவை. அனுமதிச் சீட்டுடன் பார்வையிடலாம். பயிர் செய்யவோ குடியிருக்கவோ முடியாது. இவ்விரு வகை நிலங்களின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் அபிவிருத்தி வேலை செய்வதற்கும் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும்.

சரணாலயம்: இதற்குள் அரச காணியும் இருக்கலாம், தனியார் காணியும் இருக்கலாம். வேட்டையாடுவதும் முட்டை, கூடுகளை எடுப்பதும் எங்கும் குற்றம். அரச காணியில் மரம் வெட்டுவதும் நிலம் திருத்துவதும் குற்றம். ஆனால் உறுதியுள்ள சொந்த வயல், சரணாலயத்துக்குள் அகப்பட்டது என்பதற்காக மட்டும் உரிமையாளரின் கையைவிட்டுப் போய்விடாது. கட்டுக்கரைக் குளம் 1954 இலிருந்து சரணாலயம். அருவியாற்றின் தேக்கம் அணையிலிருந்து அதற்கு நீர் வருகிறது. கமக்காரர் அந்நீரைக் கொண்டுதான் இன்றும் வேளாண்மை செய்கிறார்கள்.

இரண்டாவது, 1907 ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம். இது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. ஒதுக்கக்காட்டில் வெட்டுவது, தீ வைப்பது, அனுமதியின்றி மாடு மேய்ப்பது எல்லாம் குற்றமாகும்.

மூன்றாவது, 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம். தோட்டத்தில் கிணறு வெட்டும்போது பழைய தாழியோ, செங்கற் சுவரோ, காசோ அகப்பட்டால் அறிவிக்க வேண்டும். அது உங்கள் சொந்தக் காணியாயினும் பொருள் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. கட்டுக்கரைக் குளத்தின் பக்கத்திலேயே 2016-17 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய குடியிருப்பின் தடயங்களைக் கண்டார்கள். வயலும் குளமும் உள்ள இடத்தில் பழைய ஊரும் இருந்திருக்கும் என்பதை மறவாதீர்கள்.

3. முசலி தரும் பாடம்

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரின் தென்புறத்தில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்களும் வெறுமையாயின. 2009 இல் போர் முடிந்து மக்கள் திரும்பியபோது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. வீட்டு வளவுகளிலும் வயல்களிலும் காடு மூடியிருந்தது. 2012 இல் அப்பகுதிக் காடுகள் ஒதுக்கக்காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் அவற்றை இணைத்து, சுமார் 40,000 ஹெக்டயர் பரப்பு மாவில்லு பேணற்காடு என்று பிரகடனமாயிற்று. தங்கள் பூர்வீகக் காணிகளும் அதற்குள் போய்விட்டன என்று மக்கள் வீதியோரத்தில் இருந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இதில் இரு உண்மைகள் உள்ளன. வில்பத்துவை ஒட்டிய அக்காடு யானைக்கும் கரடிக்கும் இருப்பிடம், நீருக்கும் காவல். அதைக் காக்கவேண்டும் என்பது உண்மை. மக்கள் விரட்டப்பட்டதால் வளர்ந்த மரத்தைக் காட்டி, அங்கே மக்களே இருக்கவில்லை என்று சொல்வது நீதியாகாது என்பதும் உண்மை. காட்டு எல்லையைக் குறிக்கும்போது, அங்கே வாழ்ந்தவர்களையும் அழைத்து நிலத்தில் நடந்து பார்த்திருந்தால் இவ்விரண்டையும் சேர்த்துக் காத்திருக்கலாம். ஆகவே எல்லை குறிக்கப்படும் நாளிலேயே நமது பத்திரங்கள் ஆயத்தமாக இருக்கவேண்டும்.

4. நாம் செய்யவேண்டியவை

அ. பலகையில் உள்ள வகையின் பெயரையும் திணைக்களத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வர்த்தமானி இலக்கமும் திகதியும் கேளுங்கள்.

ஆ. வர்த்தமானியின் பிரதியையும் எல்லைப் படத்தையும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய திணைக்களத்துக்கு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

இ. உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். அவை அழிந்திருந்தால், பிறப்புச் சான்றிதழ், பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைப் பதிவு, பங்கீட்டு அட்டை என்பன அவ்வூரில் வாழ்ந்ததைக் காட்டும்.

ஈ. பழைய கிணறு, வீட்டு அத்திவாரம், வரம்பு, வைத்த தென்னை, புளி, சேமக்காலை ஆகியவற்றைக் கையால் வரைந்த படத்தில் குறியுங்கள். ஊர்ப் பெரியவர்களுடன் நடந்து இதைச் செய்யுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்வது நல்லது.

உ. எல்லை தெளிவாகும்வரை வெட்டவோ தீ வைக்கவோ வேண்டாம். ஒருநாள் வேலைக்காக வழக்கு வந்தால், காணி உரிமை பற்றிய முறைப்பாடும் பலவீனமாகும்.

ஊ. தனித்தனியே போகாமல், கமக்கார அமைப்பின் மூலம் ஒரே கடிதமாகக் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் பெறத் தவறாதீர்கள்.

5. குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. நமது ஊரைச் சுற்றியுள்ள காவல் நிலங்கள் எவை? ஒவ்வொன்றும் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது?

2. அந்நிலம் அழிந்தால் நமது குளத்துக்கும் கிணற்றுக்கும் என்ன நேரும்?

3. நாம் ஊரில் இல்லாத காலத்தில் வளர்ந்த காட்டையும், அதற்கு முன்பிருந்த பழங்காட்டையும் எப்படிப் பிரித்துக் காட்டலாம்?

4. நமது பத்திரங்களின் பிரதிகளை எங்கே, யாரிடம் பத்திரமாக வைக்கலாம்?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தன்னிடம் எஞ்சியுள்ள ஒரு காணிப் பத்திரத்தையேனும் கொண்டுவரட்டும். ஒன்றும் இல்லாதவர்கள், தங்கள் வளவின் எல்லைகளையும் நான்கு பக்கத்து அயலவர்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். வேலையை அத்தாளிலிருந்தே தொடங்கலாம்.